போட்டோக்காரருக்குப் பூட்டிய வண்டி

எங்கள் வட்டாரத்துப் பழைய படங்களையும் பழைய ஆட்களின் பேச்சையும் சேர்த்து வைக்கிற காப்பகம் ஒன்று திருக்கோகர்ணத்துப் பக்கம் இருக்கிறது. யாரோ விட்டுக்கொடுத்த பழைய ஓட்டுவீடு. அங்கே போய் வந்ததைத்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பிள்ளை பெற்று, களை எடுத்து, மாடு கன்று பார்த்து, நடுவயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள். ஆனால் கையெழுத்துப் போடத் தெரிந்த நாளிலிருந்து எந்த ஆபீசிலும் நான் கைநாட்டு வைத்ததில்லை. மெதுவாகப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். அவசரக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

என் தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மகன் சிங்கப்பூரில் சம்பாதித்துவிட்டு வந்து, எங்கள் பிறந்த வீட்டை இடித்து மாடிவீடு கட்டுகிறான். இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. அதற்குள் கண்ணாடி போட்ட படங்கள் இருந்திருக்கின்றன. பழைய படம் இருந்தால் கொடுங்கள் என்று காப்பகத்துக்காரர்கள் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இவன் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பக்கத்து ஊரில்தான் இருக்கிறேன்.

"அத்தை, நம்ம வீட்டுப் படத்தைப் பெருசாக்கிச் செவுத்துல மாட்டிருக்காங்க. வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று மருமகன் ஒருநாள் காரோடு வந்து நின்றான்.

"ஏசி போடட்டுமா அத்தை?"

"போடேன். வெயில்ல வெந்த கட்டைதானே, கொஞ்சம் ஆறட்டும்."

வழியெல்லாம் மகள் கல்யாணப் பேச்சுதான். சென்னையில் வேலை பார்க்கிற பெண். மாப்பிள்ளையும் அதே கம்பெனி. அவளே பார்த்த மாப்பிள்ளை. பையன் வீட்டார் காரைக்குடிப் பக்கம், பெரிய இடம், ரொம்ப யோசித்துத்தான் சரி சொல்லியிருக்கிறார்களாம். அவளே பார்த்தவன் என்று கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துபோனது. எங்கள் வீட்டில் அது புதுசு.

"முகூர்த்தத்துக்கு முன்னாடி நம்ம கன்னிக்குப் படைக்கணும்ல அத்தை. நீங்கதான் முன்ன நின்னு செய்யணும்" என்றான்.

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளைக் கன்னி என்போம். வீட்டில் நல்ல காரியம் வந்தால் முதலில் அவளுக்குப் புதுச் சேலை வைத்து, அவளுக்குப் பிடித்ததை ஆக்கி, இலை போட்டுப் படைக்க வேண்டும். படைக்காமல் விட்டால் காரியம் தடைப்படும் என்பார்கள். எங்கள் வீட்டுக் கன்னி என் அக்கா.

காப்பகத்தில் பத்துப் பேருக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்மாய் வெட்டுகிறவர்கள், குன்றாண்டார்கோவில் தேர், மாட்டுச் சந்தை என்று சுவர் நிறையப் படங்கள். பொறுப்பில் இருந்த அம்மாள் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர். நல்ல மாதிரி. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

"இதாம்மா உங்க வீட்டுப் படம். வர்றவங்க எல்லாரும் இதுக்கு முன்னாடி நின்னுட்டுத்தான் போறாங்க."

நானும் நின்றேன்.

நடுவில் நாற்காலியில் அக்கா. கூறைச் சேலை, நெற்றிச்சுட்டி, கழுத்து மறைய மாலை. ஒரு பக்கம் ஆத்தா, தலையைக் குனிந்துகொண்டு. மறுபக்கம் அப்பா, மடித்த துண்டு தோளில். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பின்னால் எங்கள் தாய்மாமன். ஓரத்தில் இடுப்பில் கைப்பிள்ளையோடு ஒரு சிறுமி. அந்தச் சிறுமி நான்.

படத்துக்குக் கீழே அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். மணக்கோலத்தில் பெண், குடும்பத்தாருடன். பின்னால் நிற்பவர் மணமகன்.

கண் சரியில்லையோ என்று இன்னொரு தரம் படித்தேன். அப்படித்தான் இருந்தது.

"இதை யாரு எழுதுனது?"

"நாங்கதாம்மா. ஏன், ஊர்ப் பேரு எதுவும் தப்பாயிருச்சா?"

"ஊரு சரிதான். மத்ததெல்லாம் தப்பு. இந்தப் படம் எடுக்கையில எங்கக்கா செத்து ஒரு பொழுது ஆயிருந்துச்சு."

பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். மருமகன் என் முழங்கையைத் தொட்டான்.

"அத்தை, யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுறீங்க. கல்யாணப் படம்னு நான்தான் சொன்னேன்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"பாத்தாலே தெரியுதே."

"எங்கக்கா மொகம் எனக்குத் தெரியாதாக்கும்? ஓரத்துல நிக்கிறது யாருங்கற, ஒங்கத்தைதான். என் இடுப்புல மூக்கு ஒழுகிக்கிட்டு இருக்கிறது யாரு தெரியுமா? ஒங்கப்பன்."

அந்த அம்மாள் படத்துக்கு வெகு கிட்டே போய்ப் பார்த்தார். "கண்ணு திறந்திருக்கேம்மா?"

"அது அவ கண்ணு இல்ல. போட்டோக்காரரு எழுதுனது."

மூடிய கண்ணுக்கு மேல் மையால் கண் வரைகிற வேலை அந்தக் காலத்தில் உண்டு. கேட்டால் செய்து கொடுப்பார்கள். நான் விரலை வைத்துக் காட்டினேன். கல்யாணப் பெண் என்றால் கழுத்தில் தாலி எங்கே? ("முகூர்த்தத்துக்கு முன்னாடி எடுத்ததுன்னு நினைச்சோம்மா" என்றார்.) கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்பாளா? சேலைக்கரைக்குக் கீழே இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டிய துணி தெரிகிறதே, அது என்ன? கன்னத்தை ஒட்டி இரண்டு பக்கமும் தொங்குகிற பூவுக்குள்ளே இருப்பது நாடிக்கட்டு. வாய் பிளந்துவிடாமல் கட்டியது.

கல்யாணம் ஆகாத பெண் செத்தால் கல்யாணக் கோலத்தில்தான் அனுப்ப வேண்டும் என்பார்கள் எங்கள் பக்கம். அது தெரிந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த அம்மாள் வெளியூர்க்காரர். ஆனால் என் மருமகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவன் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இது..."

"வருசா வருசம் சேலை வச்சு விழுந்து கும்பிடுறியே, அவதான் இவ. ஒன் சாமி மொகம் ஒனக்கே தெரியல."

அவன் கை தானாகக் கும்பிட்டது. அத்தனை பேருக்கு நடுவில், அந்தச் சுவருக்கு முன்னால்.

அந்த அம்மாள் எங்களை உள்ளறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "எப்படிம்மா இறந்தாங்க?" என்று கேட்டார். காய்ச்சல் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வந்தார்கள். மருமகனுக்கும் அதுதான் தெரியும். அன்றைக்கு நான் உள்ளதைச் சொன்னேன்.

அக்காவை எங்கள் தாய்மாமனுக்குப் பேசினார்கள். மாமனுக்கு மூத்த தாரம் பிரசவத்தில் போய்விட்டது. ஒரு பிள்ளை இருந்தது. மாமன் கெட்டவர் இல்லை. அக்காவைத் தூக்கி வளர்த்தவர். அக்காவுக்கு ஒட்டாமல் போனதே அதனால்தான்.

"என்னையத் தோளுல வச்சுத் தேரு காட்டுன ஆளு. அவருகூட எப்படிப் படுப்பேன்?" என்று ஆத்தாவிடம் நேராகவே கேட்டாள். ஆத்தா அவள் வாயிலேயே ஒன்று போட்டாள். "வாய மூடுடி. ஒங்கப்பன் காதுல விழுந்தா வெட்டிப் போட்டுருவாரு."

அக்கா மூடிக்கொண்டாள். அன்று ராத்திரி சோறு போட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை.

முதலில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. "பசி வந்தா பத்தும் பறந்துபோயிரும். தானா வட்டிலுக்கு வருவா, விடு" என்றார் அப்பா. அவர் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சு கிடையாது. அக்கா எழுந்து சாணி அள்ளினாள், தண்ணீர் எடுத்தாள், எங்களுக்குச் சோறு போட்டாள். தான் மட்டும் சாப்பிடவில்லை. ஆத்தா ஒளித்து ஒளித்துக் கருவாடு சுட்டுக் கேப்பைக்கூழ் கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். மடியில் போட்டுக்கொண்டு ஊட்டிப் பார்த்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். பிறகு அதுவும் குறைந்தது.

கல்யாண வேலை ஒரு பக்கம் நடந்தது. கூறைச் சேலை வந்தது. அதை விரித்துக் காட்டியபோது அக்காவால் எழுந்து உட்கார முடியவில்லை. கை சூம்பிப்போய், வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அதற்கு மேல்தான் காய்ச்சல் வந்தது.

கீரனூரில் டாக்டர் இருந்தார். வண்டி வாசலில் நின்றது. மாடுகள் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. ஆத்தா அப்பாவின் காலைப் பிடித்தாள்.

"ஒரு எட்டு கொண்டுபோயிக் காட்டிட்டு வந்துருவோங்க."

"நாள் குறிச்ச பொண்ணை வண்டியில படுக்கப் போட்டு ரோட்டுல கொண்டுபோனா ஊரு என்ன பேசும்? டாக்டரு ஏன் இப்படி இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவ? சோறு போடலைன்னு சொல்லுவியா?"

"எதையாச்சும் சொல்லிக்கிருவோம். உசுரு பொழச்சா போதும்."

"வண்டி பூட்டக்கூடாது. அம்புட்டுத்தான்."

மாமன் அன்றைக்கு வந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு வேண்டாம், பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் அக்கா எழுந்து கூழ் குடித்திருப்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலையைக் கிழித்துக்கொண்டிருந்தார். அப்பாவை எதிர்த்துப் பேசுகிற தைரியம் அவருக்கும் இல்லை.

மாடு அவிழ்க்கிற விடியல் நேரத்தில் அக்கா போய்விட்டாள். ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு கத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா கொஞ்ச நேரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். யாரிடமும் சொல்லாமல் அவரே மாட்டைப் பிடித்து வண்டியில் பூட்டினார். மாட்டுச் சலங்கைச் சத்தம் கேட்டதும் ஆத்தா அக்காவை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். "போங்க, வெரசாப் போங்க, டாக்டரைக் கையோட கூட்டிட்டு வாங்க" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் அவளைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள்.

அப்பா கீரனூருக்குத்தான் போனார். போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் வீடும் போட்டோக்காரர் கடையும் ஒரே ரோட்டில்தான் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் பூட்டாத வண்டியைப் போட்டோவுக்குப் பூட்டினார். "எம் மகளுக்கு நான் எதுவும் கொறை வைக்கலைன்னு நாலு சனம் பாக்கணும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உயிரோடு இருக்கிறவர்களைப் படம் எடுத்து வைக்க எங்கள் ஊரில் அப்போது யாருக்கும் வசதியில்லை. செத்தால்தான் படம். அதனால் வந்திருந்தவர்கள் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அக்காவைக் குளிப்பாட்டி, அந்தக் கூறைச் சேலையைக் கட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சரிந்துவிடாமல் இடுப்பைத் துணியால் கட்டினார்கள். மேலே மாலை போட்டதும் கட்டு மறைந்துவிட்டது. மாமன் பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சாயாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டார். படத்தில் அது மாப்பிள்ளை நிற்கிற மாதிரி இருக்கிறது.

தம்பியை என் இடுப்பில் வைத்து ஓரத்தில் நிறுத்தினார்கள். அவன் துள்ளிக்கொண்டே இருந்தான். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, "பாப்பா, ஆடக்கூடாது. அக்காவைப் பாரு, எப்படி ஆடாம இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு வாய்க்கரிசி. செத்தவர்கள் வாயில் சொந்தக்காரர்கள் அரிசி போட வேண்டும். நாடிக்கட்டை அவிழ்த்தார்கள். ஆத்தா போட்டாள், சின்னம்மா பெரியம்மாமார் போட்டார்கள். உயிரோடு இருந்தவரை ஒரு பருக்கை உள்ளே விடாத வாய். எல்லாரும் வரிசையாக வந்து போட்டார்கள். அது நிறைந்து கன்னத்தில் வழிந்தது. என் கையிலும் அரிசியைக் கொடுத்தார்கள்.

"போடுடி, கூடப்பொறந்தவ நீ."

"அவ திங்கமாட்டா" என்றேன்.

சின்னப் பிள்ளை பேச்சு என்று என்னைத் தள்ளிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்கள்.

கண் எழுதி, கண்ணாடி போட்டுப் படம் வீட்டுக்கு வந்தபோது ஆத்தா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இது எம் மக இல்ல. எம் மக யாரையும் இப்படி முழிச்சுப் பாத்ததில்ல" என்று சொல்லிப் பெட்டிக்குள் போட்டாள். அப்புறம் அவள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. வருடம் திரும்பியதும் அக்காவைக் கன்னியாக்கிப் படைக்க ஆரம்பித்தார்கள். கொழுக்கட்டை, பாயசம், வடை. சாப்பிடாமல் செத்தவளுக்கு வருடம் தவறாமல் தலைவாழை இலை போடுகிறோம்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கீழ எழுதியிருக்கிறதை எடுத்துட்டு நீங்க சொன்னதை அப்படியே போடுறோம்மா. படிக்கிறவங்களுக்குத் தெரியணும். இப்படி ஒரு படம் எங்ககிட்ட வேற இல்லை. ரொம்ப அரிது" என்றார்.

"அரிதுன்னு சொல்லாதீங்க. எங்கப்பன் ஒரு ஆளுதான் வண்டி பூட்டாம இருந்தாரா?" என்றேன்.

மருமகன் குறுக்கே வந்தான். "குடும்பப் படம்னு மட்டும் போட்டுருங்க மேடம். போதும்" என்றான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "அந்தக் கல்யாணம் வேணாம்னுதான் அவ உசுர விட்டா. செத்தவளைப் பொண்ணுக் கோலத்துல உக்கார வச்சாரு எங்கப்பன். நீங்க மணமகன்னு எழுதிப் போட்டு மாமனுக்குக் கட்டியே குடுத்துட்டீங்க. இப்ப குடும்பப் படமாம். ஒண்ணு, அவ எப்படிச் செத்தான்னு எழுதுங்க. இல்ல, எறக்குங்க."

அவன் என்னைத் தனியாகத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அத்தை, நான் எங்க தாத்தா பேரைக் காப்பாத்தப் பேசல. அவரு செஞ்சது அநியாயம். எம் மவளப் பாக்குறேன். அவ ஆசப்பட்ட எடம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நம்ம ஊர்ல விசாரிக்கிறாங்க, நெட்டுல தேடுறாங்க. இங்க வைக்கிற படமெல்லாம் நெட்டுலயும் வருது. பொண்ணைப் பட்டினி போட்டுக் கொன்ன வீடுன்னு ஒரு வார்த்தை போனா போதும். அவங்க ஏற்கெனவே அரமனசுதான்."

"கல்யாணம் முடிஞ்சப்புறம் போடச் சொல்லு."

"முடிஞ்சப்புறமும் அவ அந்த வீட்லதானே அத்தை வாழணும்?"

அப்பாவை மட்டும் பொறுத்ததாக இருந்தால் அங்கேயே ஆணியடித்து மாட்டச் சொல்லியிருப்பேன். அவர் மண்ணாகிப்போய் எத்தனையோ காலம். ஆனால் எங்கள் வீட்டில் தன் வாயால் ஒருத்தனைக் கேட்டு வாங்குகிற முதல் பெண் அவள். செத்தவளுக்கு நியாயம் செய்கிறேன் என்று அவள் காரியத்தை நான் உடைப்பதா?

"அவளுக்குப் போனைப் போடு" என்றேன்.

"அவ எதுக்கு அத்தை?"

"அவளைக் கேக்காம நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எங்கக்காவை யாரும் கேக்கல."

போட்டுக் கொடுத்தான். பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. "என்ன அப்பத்தா, அதிசயமா போன்லாம் பண்றீங்க?" என்று சிரித்துக்கொண்டே பேசினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குச் சுருக்கிச் சொல்லத் தெரியாது. போன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் கேட்டேன்.

"இருக்கேன் அப்பத்தா" என்றாள். "அவங்களுக்கு என்ன வயசு?"

"ஒன்னவிடச் சின்னவ."

பிறகு மெதுவாக, "பாவம் அப்பத்தா அவங்க" என்றாள். "ஆனா இப்ப வேணாமே. நானே இம்புட்டு நாளு மல்லுக்கட்டி இப்பத்தான் அவங்க வீட்ல சரின்னிருக்காங்க. வேணாங்கறதுக்கு ஒரு சாக்கு கெடைச்சாப் போதும்னு ஒக்காந்திருக்காங்க. வேணாம் அப்பத்தா, ப்ளீஸ்."

"சரி தாயி."

"கோவமா?"

"இல்ல. கேட்டேன், சொல்லிட்ட. வேலையப் பாரு."

அவள் அழுது மறுத்திருந்தாலாவது எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். யோசித்துத்தான் சொன்னாள். ஒருத்தியைக் கேட்டால் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். அப்படிக் கட்டுப்படக் கூடாது என்றுதான் அப்பா அக்காவைக் கேட்கவே இல்லை. நான் கேட்டுவிட்டேன். இனி மாற்ற முடியாது.

உள்ளே போய்ப் படத்தை இறக்கச் சொன்னேன். அந்த அம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கீழே ஒன்றும் எழுதாமல் வெறும் படமாக வைத்துக்கொள்கிறோம் என்றார். எழுதாமல் வைத்தால் பார்க்கிறவர்கள் அவர்களாகவே கல்யாணப் பெண் என்றுதான் நினைப்பார்கள். மருமகன் நினைக்கவில்லையா? முடியாது என்றேன். கம்ப்யூட்டரில் இருந்ததையும் என் கண் முன்னால் அழித்தார்கள். "அழிச்சாச்சும்மா" என்றார். அழித்தது எப்படித் தெரியும் எனக்கு? நம்பிக்கொண்டேன்.

புறப்படுகிற நேரத்தில் அந்த அம்மாள் சொன்னார். "படம் வேண்டாம், ஊரும் பேரும் வேண்டாம். நடந்ததை மட்டும் உங்க கையால எழுதிக் கொடுங்கம்மா. அதையாவது இங்க வச்சுக்கறோம்." யாருடைய பெண், யாருடைய அப்பன் என்று தெரியாவிட்டால் யாரையும் சுடாது என்றார். அதனால்தான் இதில் ஒருத்தர் பேரும், எங்கள் ஊர்ப் பேரும் இல்லை. அக்காவுக்கு நல்ல பேர் ஒன்று இருந்தது. அதையும் விட்டுவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இனி காப்பகத்து ஓட்டுவீட்டில் முகமில்லாத ஒருத்தியின் கதை இருக்கும். அவள் முகம் என் வீட்டில் இருக்கும்.

தகரப் பெட்டியில் இருந்த பழைய படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். மருமகன் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

"எம் மேல கோவமா அத்தை?"

"ஒம் மேல என்ன கோவம்? நீ ஒம் மவளப் பாக்குற. அதுகூடத் தெரியாத அப்பனைப் பாத்தவ நான்."

கீரனூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண், மடியில் சின்னப் பிள்ளை. வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டதில் தாள் கிழிந்து படம் பாதி தெரிந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு ஆயா, கல்யாணப் பொண்ணா? லெச்சணமா இருக்கு."

"கல்யாணப் பொண்ணு இல்ல. எங்கக்கா. செத்தப்புறம் எடுத்தது."

"அய்யய்யோ. என்ன செஞ்சுச்சு?"

"பிடிக்காத ஆளுக்குக் கட்டிவைக்கப் பாத்தாங்க. சாப்பிடமாட்டேன்னுட்டா. அப்படியே செத்தா. வாசல்ல வண்டி நின்னுச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். மடியில் இருந்த பிள்ளை கையை நீட்டி அக்காவின் கண்ணைத் தொடப் பார்த்தது. அவள் சட்டென்று அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"மூடி வைங்க ஆயா. புள்ள பாக்குது" என்றாள்.

கிழிந்திருந்த தாளையும் உருவி எடுத்துக் காலடியில் போட்டேன். கீரனூர் வரும்வரை படம் என் மடியில் திறந்தபடியே இருந்தது.